மொதலாளிகள் கடையடைப்பு

டீக்கடை முக்கில் நெசவாளர் சங்கத்தின் தெருமுனைக் கூட்டம் ஆரம்பித்தபோது மேடையில் மூன்று பேர் இருந்தார்கள், கீழே ஒரு நாய் இருந்தது. மற்றவர்கள் வரவில்லை என்று சொல்ல முடியாது. முப்பது நாற்பது பேர் எதிரே டீக்கடையில்தான் நின்றிருந்தார்கள். எல்லோரும் தறிக்காரர்கள். எல்லோரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஆரணிப் பட்டு நெசவாளிக்கு மூன்று வருஷமாகக் கூலி ஏறவில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் கூட்டம். கூலி ஏறாதது யாருக்கோ நடந்த விஷயம் மாதிரி அவர்கள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேணுகோபால் மைக்கைப் பிடித்தான். அவனும் தறிக்காரன்தான், அதே தெரு. சங்கத்தில் செயலாளர் பதவி அவனுக்குக் கிடைத்தது குரலுக்காக. அறிவுக்காக என்றால் போட்டி இருந்திருக்கும் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"உழைக்கும் தொழிலாளத் தோழர்களே!" என்றான். முதுகுகள் அசையவில்லை. "பட்டு நெசவுத் தொழிலாளர்களே!" ஒரு முதுகு மட்டும் தன்னைச் சொறிந்துகொண்டது. வேணுகோபால் கண்ணை மூடி, அடித்தொண்டையிலிருந்து சோகத்தைத் திரட்டினான். "தறிக்குழியில் கிடந்து, வயிறு ஒட்டி, வாழ்வு கெட்டு, நாதியற்று நிற்கும் என் அருமைத் தொழிலாளிகளே!" குரல் தழுதழுத்துவிட்டது. அவனுக்கே கண் கலங்கியது. நாதியற்று நின்றவர்களில் ஒருவர் இன்னொரு வடை கேட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. வேணுகோபாலுக்குச் சுர்ரென்று ஏறியது. எதற்கும் கிண்டலைத்தான் முதலில் எடுப்பான், கோபம் அதற்கு அடுத்த தட்டில் இருக்கும். "யோவ் மொதலாளிங்களா!" என்றான், மைக்கிலேயே. "இன்னாய்யா, டீ இன்னும் ஆறலியா?"

அத்தனை முதுகும் திரும்பியது. நாற்பது தலை, டீ கிளாசோடு. கடைக்காரர் கூட அடுப்பை விட்டுத் திரும்பினார். முன்வரிசையில் நின்ற ராஜவேலு, வாயில் இருந்த வடையை விழுங்கிவிட்டு, "இன்னாடா வேணு, கூப்ட்டியா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்து நின்று முழுக்கூட்டத்தையும் கேட்டார்கள். வேணுகோபால் அன்று வீட்டுக்கு நடந்துபோனதைப் பார்த்தவர்கள், சைக்கிளில் போகிறான் என்றே நினைத்திருப்பார்கள். ஒரே வார்த்தையில் ஒரு தெருவைத் திருப்பியவன் இல்லையா? அந்த வார்த்தை டீக்கடையோடு நின்றுவிடும் என்று அவன் நினைத்ததுதான் தப்பு.

அது தொண்ணூற்றேழு, சித்திரை. மறுநாளிலிருந்து தெருவில் ஒருவரை ஒருவர் மொதலாளி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "இன்னா மொதலாளி, பாவு வந்துச்சா?" "வாங்க மொதலாளி, முடிவெட்டிக்கினு வந்தீங்களா?" முதலில் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது, வார்த்தை நின்றது. வைகாசியில் பெயின்டர் ஒருவன் ஏணியோடு வந்து ராஜவேலு வீட்டு வாசலில் பச்சையும் சிவப்புமாக ஒரு போர்டு எழுதினான். 'ராஜவேலு சில்க்ஸ். உரிமையாளர்: ராஜவேலு.' அந்த வாசலுக்குள் போனால் ஒரு குழித்தறி, ஒரு இராட்டை, அதில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருக்கும் அவர் மனைவி ரங்கம்மாள். வேறெதுவும் இல்லை. பின்னாலே எட்டு வீட்டுக்குப் போர்டு வந்தது. பெயின்டர் மட்டும் நிஜமாகவே முதலாளி ஆகிவிடுவான் போலிருந்தது.

யோசித்தால் அதில் பாதி உண்மையும் இருந்தது, அதுதான் பேஜார். தறி அவரவருடையது. குழி அவரவர் வீட்டுக்குள் இருந்தது. எப்போது உட்காரலாம், எப்போது எழுந்திருக்கலாம் என்று சொல்ல ஒரு மேஸ்திரி கிடையாது. நீளவாட்டுப் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஜரிகையும் மட்டும் பட்டு வியாபாரி சக்கரவர்த்தியின் கடையிலிருந்து எடைபோட்டு வரும். சேலையாகி எடைபோட்டுத் திரும்பும். நடுவில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரின் முதுகும் கண்ணும் கரைந்திருக்கும். அதற்குக் கூலி. கூலி என்ற சொல்லை மட்டும் மறைத்துவிட்டால் மிச்சமெல்லாம் வியாபாரம் மாதிரியே தெரியும்.

சக்கரவர்த்தி கெட்டிக்காரர். வார்த்தை அவர் காதுக்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை சேலை கொண்டுவருகிறவன் கடைப்படியில் நிற்பான், "யோவ் வேணு, அங்க வை" என்று அவர் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார். இப்போது உள்ளே மெத்தை வைத்த நாற்காலி நாலு போட்டிருந்தார்.

"வாங்க மொதலாளி! உக்காருங்க. காப்பியா, கூல்ட்ரிங்ஸா?"

வேணுகோபால் உட்கார்ந்தான். உட்காரக் கூடாது என்றுதான் நினைத்தான். இந்த நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சூழ்ச்சியைப் பற்றி அவனால் அரைமணி நேரம் பேச முடியும். ஆனால் மெத்தை நன்றாக இருந்தது. காப்பி வந்தது, டம்ளரின் கீழே தட்டோடு. பாதி குடித்தபிறகு கீழே பார்த்தான். வலது கால் தானாக ஏறி இடது கால் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் காலை அவன் அதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் இறக்கினான். வெளியே வரும்போது அந்தக் கால் இன்னும் மேலேயே இருப்பது போல ஒரு நடை.

வேலூரிலிருந்து மாதம் ஒருமுறை தோழர் கோபிநாத் வந்து சங்கத்துக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பார். கல்லூரியில் வேலை, கதர்ச் சட்டை, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பேசுவார். வேணுகோபால் அவரிடம் போர்டு விஷயத்தைச் சொல்லிப் பொறுமினான். கோபிநாத் சந்தோஷப்பட்டுவிட்டார். தான் படித்ததெல்லாம் பஸ் ஏறி ஆரணிக்கு வந்து நிற்பதைப் பார்த்த சந்தோஷம் அது.

"இது புதுசில்ல தோழர். கல்யாண வீட்டுல ஒருத்தன 'மாப்ள'ன்னு கூப்பிட்டுப் பாருங்க. நேத்துவரைக்கும் கெணத்துல தண்ணி சேந்தினவன், இன்னிக்குச் சொம்ப யாராவது எடுத்துக் குடுக்கணும்னு நிப்பான். நடிக்கல அவன். நெசமாவே மாப்ளையாயிட்டான். கூப்பிடற பேரு வெளியேருந்துதான் வருது. உள்ள போனதும், நான் பொறந்ததுலேருந்து இங்கதான் கீறேன்னு சொல்லும். கருத்தியல்னு நாம சொல்றது ஏதோ மண்டைக்குள்ள இருக்கற தத்துவம் இல்ல. ஒரு கூப்பாடு. நீங்க திரும்பறீங்க பாருங்க, அந்தத் திரும்பறதுல நீங்க அந்த ஆளா ஆயிடறீங்க."

"சரி தோழர். கூப்ட்டது நான்தான். எதுக்கு அவ்ளோ பேரும் அதுக்குத் திரும்புனாங்க? தொழிலாளின்னா திரும்பல?"

கோபிநாத் கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்குத் தனியா ஒரு வகுப்பு இருக்கு" என்றார்.

வேணுகோபால் அந்தக் கேள்வியோடு தெருவைச் சுற்றினான். ராஜவேலுவிடமே கேட்டான். "டீ சூடா இருந்துச்சுப்பா" என்றார் அவர். இன்னொருவர், "நீ கூப்ட்ட, திரும்புனோம். கூப்ட்டா திரும்பறது தப்பா?" என்றார். மனைவி சாவித்திரியிடம் கேட்டான். அவள் தார் சுற்றுவதை நிறுத்தாமல், "நான் உங்கள எவ்ளோ நாளா கூப்ட்டுகினு இருக்கேன், கொடத்த எடுத்தாங்கன்னு. நீங்க ஏன் திரும்பலன்னு மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

ஆனி மாதக் கடைசியில் சக்கரவர்த்தி எல்லா மொதலாளிகளையும் கூப்பிட்டுப் போண்டாவும் காப்பியும் கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு பேசினார். "இனிமே நீங்க நமக்கு வேலைக்காரங்க இல்ல, பார்ட்னருங்க. பார்ட்னருன்னா லாபத்துல மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்? மொதலாளின்னா ரிஸ்க்கும் இருக்கணுமில்ல. சீசன்ல விக்காத சேலை நெய்தவங்ககிட்டயே திரும்பி வந்துடும். பட்டு, ஜரிகை அவங்க கணக்குல. அவங்களே வெளிய வித்துக்கலாம். மொதலாளிக்கு அந்த சுதந்திரம் வேணுமா இல்லயா?"

கைதட்டல் கேட்டது. தட்டியவர்களில் வேணுகோபாலும் ஒருவன். போண்டா கொடுத்தவர் பேசி முடித்தால் தட்டுவது மரியாதை என்று கை தானாகத் தட்டிவிட்டது. தட்டி முடித்தபிறகுதான் எதற்குத் தட்டினோம் என்பது காதுக்கு வந்து சேர்ந்தது. வாயில் போண்டா கல்லாகிவிட்டது. பக்கத்தில் ராஜவேலுவைப் பார்த்தான். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, தட்டிய இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார், வேறு யாருடைய கைகளோ மாதிரி.

முதலில் திரும்பி வந்தது ராஜவேலுவின் சேலைதான். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. ஒரு மாசுமறு கிடையாது. போன வருஷம் ஓடிய நிறம் இந்த வருஷம் ஓடவில்லை, அவ்வளவுதான். கடைப்பையன் அட்டைப்பெட்டியோடு வந்து வைத்துவிட்டுப் போனான். தெருவே பார்த்தது, யாரும் பார்க்காத மாதிரி. வேணுகோபால் போனபோது ராஜவேலு தறிமேட்டில் உட்கார்ந்து சேலையைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"பிசினஸ்னா ஏத்த எறக்கம் இருக்கும்" என்றார், வேணு கேட்பதற்கு முன்பே.

"மாமா, இந்தச் சேலைய யாருக்கு விப்பீங்க?"

"வந்தவாசில நம்ம ஆளுங்க கீறாங்க."

"இருக்காங்களா?"

ராஜவேலு சேலையை இன்னொரு மடிப்பு மடித்தார். உள்ளே ரங்கம்மாள் தார் சுற்றும் சத்தம் நின்று, திரும்ப ஆரம்பித்தது.

அன்று வேணுகோபால் சாப்பிடவில்லை. இந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அட்டைப்பெட்டி வரப்போகிறது. பெட்டி வர வழி செய்தவன் அவன். கூலி உயராமல் போனதாவது பழைய கஷ்டம், நஷ்டத்தில் பங்கு என்பது அவன் கூப்பிட்டுக் கொண்டுவந்த கஷ்டம். சாவித்திரி தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "உக்காந்து மொகத்த தொங்கப்போட்டா ஆச்சா? போய்ப் பேசுங்க. பேசறதுதான உங்க வேலை" என்றாள்.

தறி நிற்க வேண்டும், அதுதான் வழி. ஆடி பாதி போய்விட்டது. ஆவணி முகூர்த்தச் சேலைகள் கடைகளுக்குப் போகவேண்டிய நேரம். இப்போது பதினைந்து நாள் தறி நின்றால் சக்கரவர்த்தி மட்டுமில்லை, அவரைப் போல இருக்கிற எல்லோரும் இறங்கி வருவார்கள். ஆனால் ராஜவேலு நிறுத்தினால்தான் தெரு நிறுத்தும். முதல் போர்டு அவருடையது.

மறுநாள் காலை நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்று ஸ்ட்ரைக் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் ராஜவேலு எழுந்துவிட்டார்.

"ஸ்ட்ரைக்குன்னு எங்கிட்ட வராத. ஸ்ட்ரைக் பண்றது மில்லுல கார்டு அடிக்கறவன். நான் இன்னா கூலிக்காரனா? எந் தறி, என் வூடு. நான் யார எதிர்த்து நிறுத்தறது? என்னையேவா?"

"சேல திரும்பி வந்துச்சே மாமா!"

"வந்துச்சு. அது எம்பாடு."

வேணுகோபாலுக்குக் கிண்டலும் கோபமும் ஒன்றாகக் கலந்து ஏறியது. "ஓகோ. மொதலாளி ஸ்ட்ரைக் பண்ணமாட்டாரு. சரி, அப்போ கடைய சாத்துங்க மொதலாளி! ஊர்ல மளிகைக் கடக்காரனுக்கு வரி ஏறுனா சாத்தறான். பஸ் மொதலாளிக்கு டீசல் ஏறுனா சாத்தறான். உங்க கடயத்தான் சாத்தவே முடியாதா? பூட்டு இல்லயா? நான் வாங்கித் தரட்டா?"

சொல்லிவிட்டுத் திரும்பினான். ரொம்பப் பேசிவிட்டோம், வயசில் பெரியவர் என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு அடி வைத்திருப்பான்.

"சாத்தலாம்" என்றார் ராஜவேலு.

திரும்பிப் பார்த்தான். அவர் போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினான். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு மொதலாளி ஆர்டர் எடுக்கறதும் எடுக்காததும் அவன் இஷ்டம். எடுக்கலன்னு சொல்லி பாவு மூட்டையத் திருப்பி அனுப்பிட்டா ஆச்சு. கடைல லீவுன்னு எழுதி மாட்டிடலாம். மத்த மொதலாளிங்ககிட்ட நான் பேசறேன். நீ சங்கம் கிங்கம்னு வாயத் தொறக்காத. ஜல்தியா நோட்டீஸ மட்டும் அடிச்சுக் குடு."

நோட்டீஸில்தான் சண்டை வந்தது. 'ஆரணிப் பட்டு நெசவு முதலாளிகள் காலவரையற்ற கடையடைப்பு' என்று வேணு எழுதியதைப் பார்த்துக் கோபிநாத்துக்குக் கண்ணாடி துடைக்கவே தோன்றவில்லை.

"இது கேலிக்கூத்து. நாளைக்கு இவங்களே நம்பிட்டா? தொழிலாளிய முதலாளின்னு அச்சடிச்சு நாமே ஊர் பூரா ஒட்டறதா? கொடி எங்க?"

"கொடியப் பாத்தா வரமாட்டாங்க தோழர்."

"வர்க்க உணர்வு இல்லாத போராட்டம் நிக்காது."

"நிக்கறது தறிதான தோழர். உணர்வு பின்னால வரட்டும், அதுக்கு லேட்டா வர்றதுக்குப் பெர்மிஷன் குடுங்க."

காப்பி கொண்டுவந்த சாவித்திரி இரண்டு டம்ளரையும் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேலைநிறுத்தம்னாலும் கடையடைப்புன்னாலும் நாங்க தார் சுத்த வேணாம் இல்ல? அப்ப எதுவோ ஒண்ண ஜல்தியா போடுங்க."

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் தெரு விடிந்தபோது எல்லா வாசலிலும் அட்டை தொங்கியது. 'இன்று விடுமுறை.' 'கடை விடுமுறை.' ஒருவர் அழகாக, 'உரிமையாளர் வெளியூர் சென்றுள்ளார்' என்று எழுதிவிட்டு அந்த அட்டைக்குக் கீழேயே பல் விளக்கிக்கொண்டிருந்தார். முன்தினம் மாலை பாவுகளையெல்லாம் மூட்டை கட்டிச் சக்கரவர்த்தி கடையில் கொண்டுபோய் வைத்து, "ஆர்டர் எடுக்கல மொதலாளி" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

வேணுகோபால் தெருவின் நடுவில் நின்றான். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் தறிச்சத்தம் இல்லாத பகலை அவன் கேட்டதில்லை. சத்தம் நின்றபிறகுதான் அது எத்தனை வகைச் சத்தமாக இருந்தது என்று தெரிந்தது. இப்போது கோழி கேட்டது. யாரோ தும்மியது கேட்டது. இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் சிரிப்பது கேட்டது, எத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாளோ. தெருக்கோடிவரை அந்த அமைதி நீண்டு கிடந்தது. இத்தனை கூட்டத்தில் கத்தியும் வராத ஒன்று வந்துவிட்டது. யாருடைய பெயரில் வந்தால் என்ன?

நாள் போகப்போகக் கையில் காசு குறைந்தது. அரிசிப் பானைகள் தெருவுக்குள் கைமாறின. ராஜவேலு தன் பின்கட்டில் பெரிய அடுப்பு மூட்டி, "மொதலாளிங்களுக்கு டிபன்" என்று எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார். எங்கே ஒரு வீட்டில் மட்டும் திருட்டுத்தனமாகத் தறி ஓடிவிடுமோ என்று வேணுகோபால் காதைத் தீட்டிக்கொண்டே திரிந்தான். ஒரு மத்தியானம் டீக்கடையில் இருந்தபோது கேட்டது. டக், டக், டக். ஐயோ என்று எழுந்து ஓடினான். ஓடும்போதே துரோகிக்கு என்று ஒரு உரை தயாராகிவிட்டது, முன்னுரையோடு. சத்தம் வந்த திசையில் வீடு வீடாகக் காதை வைத்து, கடைசியில் வந்து நின்றது தன் வீட்டு வாசலில். உள்ளே சாவித்திரி சுத்தியலோடு நின்றாள். விழுந்துவிட்ட விடுமுறை அட்டைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் ஊருக்குப் பூட்டு போடறீங்க. நம்ம வூட்டு அட்டை மூணு நாளா கீழ கெடக்கு" என்றாள். வேணுகோபால் அந்த உரையை அப்படியே விழுங்கினான்.

ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது சக்கரவர்த்தியின் கடைக்குச் சென்னையிலிருந்து போன் மேல் போன் வருவதாகப் பேச்சு அடிபட்டது. அதற்கு மறுநாள் அவரே வந்தார். கடைக்குக் கூப்பிட்டனுப்பவில்லை, ஸ்கூட்டரில் தெருவுக்கே வந்தார். அவர் தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. ராஜவேலு வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கதவு சாத்தியிருந்தது. வேணுகோபால் எதிர்வீட்டு ஜன்னல் பின்னால் சாவித்திரியோடு நின்று பார்த்தான். ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு ஜோடிக் கண் இருந்தது.

"ராஜவேலு!" என்றார் சக்கரவர்த்தி.

கதவு திறக்கவில்லை.

"யோவ் ராஜவேலு! நான்தான்யா!"

ஒன்றுமில்லை. கோழி ஒன்று அவர் ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பார்த்தது.

சக்கரவர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரலை இறக்கினார். சிரிப்பை எடுத்து மாட்டினார். "மொதலாளி..." என்றார், தேன் தடவின மாதிரி. "மொதலாளி, கொஞ்சம் வெளிய வாங்களேன்!"

வேணுகோபால் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். இதுதான் அந்த வார்த்தை. இதற்கு நாற்பது தலை திரும்பியது. இதற்குத் தன் கால் தானாக ஏறியது. தெருவில் எத்தனை தாழ்ப்பாள் இப்போது விலகப்போகிறதோ என்று எண்ண ஆரம்பித்தான்.

ஒரு தாழ்ப்பாளும் விலகவில்லை. சாத்திய கதவுகளுக்கு நடுவே சக்கரவர்த்தி நின்றார், வெயில் ஏறியது. அவர் இன்னும் ஒருமுறை அந்த வார்த்தையைச் சொன்னார். இந்த முறை அது தேய்ந்த நாணயம் மாதிரி அவர் கையிலேயே இருந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து ராஜவேலுவின் குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

"கடை லீவுங்க. போர்டு போட்டிருக்குது, பாக்கல?"

தெரு முழுக்க ஒரு சிரிப்பு, ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக்கொண்டு ஓடியது. சாவித்திரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சக்கரவர்த்தி ஸ்கூட்டரை உதைத்தார். அது அவர் கூப்பிட்டதற்கும் கிளம்பவில்லை.

மறுநாள் பேச்சுவார்த்தை தெருவிலேயே நடந்தது, டீக்கடை பெஞ்சில். விற்காத சேலை இனித் திரும்பாது, திரும்பிய சேலைகளையும் அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷமாக ஏறாத கூலி ஏறியது. ஒப்பந்தத்தில் கூலி என்று எழுதுவதா, வேறெப்படி எழுதுவதா என்று ஒரு கணம் எல்லோரும் தயங்கினார்கள். "கூலின்னே எழுதுங்க" என்றார் ராஜவேலு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அன்று சாயங்காலம் பட்டாசு வெடித்தார்கள். கோபிநாத் வேலூரிலிருந்து ஓடிவந்து வேணுகோபாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தோழர், இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதணும். என்ன நடந்துச்சுன்னுதான் புரியல" என்றார்.

வேணுகோபாலுக்கும் புரியவில்லை. வெற்றி இனித்தது, அடியில் அந்தக் கேள்வி மட்டும் சோற்றில் கல்லாகக் கிடந்தது. இவர்கள் நம்பிச் சாத்தினார்களா, தெரிந்து சாத்தினார்களா? தன் கிண்டல் இரண்டுமுறை நிஜமாகிவிட்டது. ஒருமுறை கெடுத்தது, ஒருமுறை காப்பாற்றியது. இரண்டுமுறையும் தனக்குத் தெரியாமலா, தனக்கு மட்டும் தெரியாமலா?

பாவு வந்த மறுநாள் விடியலில் ராஜவேலு தெருவில் பாவு நீட்டினார். அது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. அரக்கு நிறப் பட்டு, நாலைந்து வீட்டு நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டப்பட்டு நின்றது. அந்தக் கோடியில் ரங்கம்மாள் குச்சியைப் பிடித்திருந்தாள். நடுவில் அறுந்த இழைகளைத் தேடித் தேடி வேணுகோபாலும் ராஜவேலுவும் எதிரெதிரே நடந்து வந்தார்கள்.

"மாமா" என்றான் வேணுகோபால், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டீ சூடா இருந்துச்சுன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு தொழிலாளின்னு கூப்ட்டேன், திரும்பல. மொதலாளின்னேன், திரும்புனீங்க. நெசமாவே நம்பிட்டீங்களா?"

ராஜவேலு இரண்டு இழையை நாக்கில் நனைத்து முறுக்கி முடிந்தார். ஒரு பால்காரன் சைக்கிளை விட்டு இறங்கி, பாவுக்கு அடியில் குனிந்து போகும்வரை காத்திருந்தார்.

"நம்பறதாவது. நாப்பது வருஷமா குழில உக்காந்துகினு கீறேன். நான் யாருன்னு எம் முட்டிக்குத் தெரியாதா?" என்றார். "நீ தொழிலாளின்னு கூப்ட்டது காதுல நல்லாத்தான் விழுந்துச்சு. வயிறு ஒட்டி, நாதியத்துன்னு இன்னா இன்னாவோ சொல்லி அழுத. எழவு வூட்டுல கூப்புடற மாதிரி கூப்ட்டா எவன்டா திரும்புவான்? எனக்கே என் மேல பாவமா இருந்துச்சு, அதான் வடை வாங்கினேன். அப்பறம் மொதலாளின்ன. அது கிண்டலுன்னு எனக்கும் தெரியும், அங்க நின்ன அவ்ளோ பேருக்கும் தெரியும். ஆனா அதுல பரிதாபம் இல்ல பாரு. சரிக்குச் சரியா நின்னு கிண்டல் பண்ண. கொஞ்ச நாளைக்கு அத வச்சிகினு நிமிந்து நடந்து பாத்தோம். நல்லா இருந்துச்சு. கதவ சாத்தறதுக்கு நிமிந்த ஆள்தான் வேணும், வேணு. அடுத்த வாட்டி தொழிலாளின்னே கூப்டு. ஆனா அழாம கூப்டு. திரும்பறோமா இல்லையான்னு பாரு."

வேணுகோபால் குனிந்து, அடுத்த அறுந்த இழையை எடுத்து நாக்கில் நனைத்தான். கிழக்கே வீட்டுக்கூரைகளுக்கு மேல் சூரியன் ஏறி, தெரு நீளத்துக்கும் கிடந்த பட்டின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது.